‘மருந்து’ என்ற சொல்லும் அதைத் தொடும் கையும்

பணியிடப் பாதுகாப்பு என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால், நம் மாணவர்கள் பெரும்பாலும் தலைக்கவசம், கையுறை, ‘வருமுன் காப்போம்’ என்று மூன்று பத்தியில் முடித்துவிடுகிறார்கள். குறை அவர்கள்மேல் இல்லை. எழுதுவதற்கு நாம் கொடுத்த சரக்கு அவ்வளவுதான். இந்தத் தலைப்புக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது, அதில் நம் தமிழர்களின் பங்கும் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

போன பள்ளி விடுமுறையில் படிவம் ஐந்து மாணவர்கள் மூவரை அழைத்துக்கொண்டு பினாங்கு சூலியா தெருவுக்குப் போயிருந்தேன். கடைப் பெயர்ப் பலகைகளில் உள்ள தமிழைக் குறித்துவருவதுதான் வேலை. நாகூர் தர்காவின் பக்கம் தொடங்கி, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைப் பார்த்துவிட்டு, பக்கத்துச் சந்தில் ஒரு சின்ன மளிகைக் கடைக்குள் நுழைந்தோம். மசாலைப் பொருள்களோடு நாட்டு மருந்துச் சரக்கும் வைத்திருக்கும் கடை. ஒரு டப்பாவில் கறுப்பாக, இதய வடிவில் கொட்டைகள் இருந்தன. மாணவர்களில் ஒருவன் கையை விட்டான்.

“தம்பி, தொடாதீங்க! கொப்பளம் போட்டுடும்” என்று கடைக்காரர் பாய் குரல் கொடுத்தார்.

அது சேராங்கொட்டை. சித்த மருத்துவத்தில் பயன்படும் சரக்கு. அதன் ஓட்டில் உள்ள எண்ணெய் தோலில் பட்டால் எரிந்து கொப்பளிக்கும், தழும்பும் நிற்கும். அந்தக் காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் துணியில் அழியாத குறி போட இதைத்தான் பயன்படுத்தினார்கள். மாணவன் கையை இழுத்துக்கொண்டு, “மருந்துன்னுதானே டீச்சர் எழுதியிருக்கு?” என்றான்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பாயின் கடையையே ஒரு சுற்றுப் பாருங்கள். ஓர் அலமாரியில் இருமல் மருந்து. இன்னொன்றில் எலி மருந்து, பூச்சி மருந்து. தீபாவளி சமயமாக இருந்தால் பட்டாசு மருந்தைப் பற்றியும் பேச்சு வரும். உயிரைக் காப்பாற்றுவதும் மருந்து, எலியைக் கொல்வதும் மருந்து, வெடிப்பதும் மருந்து. ‘மருந்தைக் குடிச்சிட்டான்’ என்று யாராவது பதறிச் சொன்னால், குணமாகக் குடித்தான் என்று நாம் எடுத்துக்கொள்வதில்லை. கிரேக்க மொழியில் ‘பார்மக்கோன்’ என்ற சொல்லுக்கும் மருந்து, நஞ்சு என்ற இரண்டு பொருளும் உண்டு. மருந்தகத்தைக் குறிக்கும் ‘பார்மசி’ அதன் வழியில் வந்ததுதான். ஆக, இது தமிழுக்கு மட்டும் உள்ள குழப்பம் அல்ல. ஆனாலும், நம் மக்கள் விஷயத்தில் இந்தச் சொல் ஒரு வேலை செய்திருக்கிறது: நஞ்சைக் கையாண்ட கைகளிடம் ‘இது நஞ்சு’ என்று சொல்லாமலேயே விட்டிருக்கிறது.

திருக்குறளில் 95-ஆம் அதிகாரம் ‘மருந்து’. பத்துக் குறளில் பெரும்பகுதி அளவோடு சாப்பிடுவதைப் பற்றித்தான் பேசுகிறது. கடைசிக் குறளை மட்டும் மாணவர்களுக்குத் தனியாகக் காட்டுங்கள். மருத்துவம் என்பதற்கு நான்கு உறுப்புகள் என்கிறார் வள்ளுவர். நோயாளி, மருத்துவர், மருந்து, நான்காவதாக ‘உழைச்செல்வான்’. உழை என்றால் பக்கம். பக்கத்தில் இருப்பவன். மருந்தைத் தவறில்லாமல் செய்துகொடுப்பவன் என்று பரிமேலழகர் விளக்குவார். நோயாளியின் பாதுகாப்பைப் பற்றி உலகம் நிறையப் பேசியிருக்கிறது. இந்த நான்காம் ஆளின் பாதுகாப்பைப் பற்றிப் பேச ரொம்ப நாள் ஆயிற்று.

மேற்கில் அதை முதலில் விரிவாகப் பேசியவர் என்று இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாசினியைச் சொல்வார்கள். 1700-இல் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி அவர் ஒரு நூல் வெளியிட்டார். மருத்துவர் நோயாளியிடம் கேட்க வேண்டிய பழைய கேள்விகளோடு ‘உன் தொழில் என்ன?’ என்ற கேள்வியையும் சேர்க்கச் சொன்னவர் இவர்தான். சுரங்கம், கண்ணாடி, மண்பாண்டம் என்று தொழில் தொழிலாகப் போகும் அந்த நூலில், மருந்து செய்பவர்களுக்கும் ரசாயனம் காய்ச்சுபவர்களுக்கும் தனி அத்தியாயங்கள் உண்டு. நோயாளிகளின் உடம்பில் பாதரசக் களிம்பு தேய்த்துவிடும் ஆள்களுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. நோயாளி சில நாள் தேய்த்துக்கொண்டு போய்விடுவான். தேய்த்துவிடுகிறவன் தினம் தேய்க்கிறான். கணக்கு அவ்வளவு எளிது.

பாதரசம் நம் மரபுக்கும் புதிதல்ல. சித்தர் மருத்துவத்தில் ரசம் என்றாலே பாதரசம்தான். லிங்கம், பூரம், வீரம் என்ற சரக்குகளும் பாதரசச் சேர்மங்களே. இவற்றை அப்படியே கொடுக்கக் கூடாது, ‘சுத்தி’ செய்த பிறகே மருந்தில் சேர்க்க வேண்டும் என்பது விதி. சுத்தி என்று ஒரு சொல் இருப்பதே, இவை நஞ்சு என்று அவர்களுக்குத் தெரியும் என்பதற்குச் சான்று. ஆனால் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பாதரசம் ஒரு தனிமம். வறுத்தாலும் அரைத்தாலும் அது வேறு சேர்மமாக மாறலாம், இல்லாமல் போகாது. அதனால்தான் மலேசியாவில் பதிவுபெறும் பாரம்பரிய மருந்துகளில் பாதரசம் கிலோவுக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த வரம்பும் மருந்தைச் சாப்பிடுபவருக்கானது. அடுப்பு முன்னால் உட்கார்ந்து ஆவியை மூச்சில் வாங்கியவரைப் பற்றி எந்த ஏட்டிலாவது எழுதியிருக்கிறார்களா என்று தேடுவது நல்ல ஆய்வுத் தலைப்பு. யாராவது மாணவர் எடுத்துச் செய்யலாம்.

இங்கே ஒரு சொந்த அனுபவம். நான் படிவம் இரண்டு படித்தபோது அறிவியல் கூடத்தில் ஒரு வெப்பமானி கீழே விழுந்து உடைந்தது. வெள்ளி முத்துகள் தரையெல்லாம் ஓடின. எங்களுக்குக் கொண்டாட்டம். உள்ளங்கையில் எடுத்து உருட்டினோம், ஒன்றோடு ஒன்று சேர்த்தோம், ஒருத்தி பென்சில் பெட்டியில் போட்டு வீட்டுக்கும் கொண்டுபோனாள். யாரும் தடுக்கவில்லை. மீதியைத் துடைப்பத்தால் கூட்டிக் குப்பையில் போட்டார்கள். பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும், அந்த ஆவிக்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை, துடைப்பத்தால் கூட்டினால் சின்னத் துளிகளாகச் சிதறி இன்னும் அதிகமாக ஆவியாகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியவந்தது பட்டயப் படிப்புக்காகக் கொடைக்கானலைப் பற்றி வாசித்தபோதுதான்.

கொடைக்கானல் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் என்ற ஊரில் செஸ்பரோ-பாண்ட்ஸ் நிறுவனம் செய்துவந்தது. 1980-களின் தொடக்கத்தில் அந்த ஆலை அங்கே மூடப்பட்டு, தமிழ்நாட்டில் கொடைக்கானல் மலைக்கு மாறியது. பாண்ட்ஸ் இந்தியா என்ற பெயரில் வேலை நடந்தது. 1987-இல் தாய் நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியது. பின்னர் ஆலை இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும், வெப்பமானிகள் வெளிநாட்டுக்கே ஏற்றுமதியாகும். உள்ளூருக்கு மிஞ்சியது சம்பளமும் கழிவும். மலைமேல் அப்போது இதுபோன்ற நிரந்தர வேலை கிடைப்பது அரிது. அதனால் இளைஞர்கள் பெருமையோடுதான் சேர்ந்தார்கள். ஆலைக்குப் பின்புறம் பாம்பார் சோலை, அதன் நீர் கீழே சமவெளிக்கு இறங்குகிறது. இந்த இடக்குறிப்பையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெப்பமானிக் குழாயில் பாதரசம் ஏற்றுவது, சூடாக்குவது, அளவு பார்ப்பது, உடைந்ததைப் பொறுக்குவது என்று பல படி வேலைகள். தொழிலாளர்கள் பின்னாளில் சொன்னது இதுதான்: பாதரசம் எவ்வளவு ஆபத்தானது என்று எங்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை, தக்க பாதுகாப்பும் தரவில்லை, வேலை உடுப்போடு வீட்டுக்கும் போனோம். நிறுவனம் இதை ஏற்கவில்லை. தொழிலாளர்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கண்காணித்ததாகவும், ஆலை வேலையால் யாருக்கும் பாதிப்பு வந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை என்றும் அது சொல்லிவந்தது. வரலாறு எழுதும்போது இரண்டு பக்கத்தையும் பதிவு செய்ய வேண்டும், மாணவர்களே. ஆனால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே எடை என்று அதற்குப் பொருள் அல்ல.

2001 மார்ச்சில் விஷயம் வெளியே வந்தது. கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. 7 டன்னுக்கு மேல். மக்கள் நடமாடும் இடம் அது. பழனி மலைப் பாதுகாப்பு மன்றம், கிரீன்பீஸ் அமைப்பு, ஊர் மக்கள், முன்னாள் தொழிலாளர்கள் எல்லாரும் சேர்ந்து ஆலை வாசலுக்குப் போனார்கள். அதே மாதம் ஆலை மூடப்பட்டது. கழிவு பழைய பொருள் வணிகரிடம் போனது தங்கள் நடைமுறையை மீறிய செயல் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2003-இல் 290 டன் பாதரசக் கழிவும் பொருள்களும் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக அமெரிக்காவுக்கே திரும்பக் கப்பல் ஏறின. வழக்கமாகப் பணக்கார நாட்டின் கழிவு ஏழை நாட்டுக்கு வரும். அது எதிர்த்திசையில் போனதால் அப்போது உலகம் முழுவதும் பேசினார்கள்.

கழிவு கப்பல் ஏறியதும் செய்தித்தாளில் கதை முடிந்துவிட்டது. தொழிலாளர்களுக்கு அங்கேதான் தொடங்கியது. சிறுநீரகக் கோளாறு, நடுக்கம், மறதி, தோல் நோய், ஈறு வீக்கம் என்று முறையிட்டார்கள். 2006-இல் முன்னாள் தொழிலாளர் நலச் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. ஒரு வல்லுநர் குழு, நோய்க்கும் ஆலைக்கும் தொடர்பு காட்டப் போதிய சான்று இல்லை என்றது. 2011-இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் அறிக்கை தொழிலாளர்களின் முறையீட்டுக்கு வலுச் சேர்த்தது. வழக்கு இழுத்துக்கொண்டே போனது. 2015-இல் சென்னையைச் சேர்ந்த பாடகி சோபியா அஷ்ரப் இதைப் பற்றி ஒரு ராப் பாடல் போட, இணையத்தில் அது இலட்சக்கணக்கானோரைச் சென்றடைந்தது. 2016 மார்ச்சில் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடும் குடும்பங்களோடும் உடன்பாட்டுக்கு வந்தது. மனிதாபிமான அடிப்படையில் கொடுப்பதாகச் சொன்னார்கள், தொகையை வெளியிடவில்லை. ஆலை மூடி 15 ஆண்டு கழிந்திருந்தது. மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற வாதம் அதற்குப் பிறகும் ஓயவில்லை.

இதில் என்னை உறுத்துவது ஒன்றுதான். வெப்பமானி ஆயுதம் இல்லை, காய்ச்சல் வந்த குழந்தையின் நாக்குக்கு அடியில் வைக்கும் பொருள். அதை வாங்கிய வெளிநாட்டு மருத்துவமனையில், ‘உடைந்தால் கையால் தொடாதே’ என்று அங்குள்ள மொழியில் சொல்லியிருப்பார்கள். செய்த கைக்கு அதே எச்சரிக்கை தமிழில் முழுமையாகப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் பத்து ஆண்டு வழக்கின் நடுவில் இருந்த கேள்வி.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தோட்டத்தில் வளர்ந்த குடும்பங்களுக்கு ‘மருந்து அடிக்கிற வேலை’ என்றால் விளக்கம் தேவையில்லை. என் பாட்டி செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மருந்து அடித்தவர். முதுகில் பம்பு, கையில் குழாய், காலில் ரப்பர் செருப்பு. அவருடைய நகங்கள் வெளுத்து, வெடித்து, சில விரலில் பாதி நகம்தான் இருக்கும். சின்ன வயதில் நான் கேட்டிருக்கிறேன், “ஏன் பாட்டி இப்படி இருக்கு?” என்று. “மருந்து பட்டதுடா கண்ணு” என்பார். அந்தச் சொல்லில் பயமே இருக்காது. களைக்கு அடிப்பது மருந்து, அவ்வளவுதான். மூக்கில் இரத்தம் வந்தால் சூடு என்று இளநீர் குடிப்பார். அந்தப் பீப்பாயில் இருந்தது பாராகுவாட்டா வேறொன்றா என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. நகம் கெடுவதும் மூக்கில் இரத்தம் வருவதும் பாராகுவாட் அடிப்பவர்களிடம் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கும் அறிகுறிகள் என்று நான் படித்தது அவர் இறந்த பிறகு.

பாராகுவாட் மருந்துக் கடைச் சரக்கு அல்ல, களைக்கொல்லி. தலைப்பிலிருந்து விலகுகிறேனோ என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் வேலை செய்தவர்கள் அதை அழைத்த பெயர் மருந்து. விழுங்கினால் ஒரு வாய் போதும் உயிர் போக, முறிவு மருந்து கிடையாது. நம் தோட்டங்களில் அதை அடித்தவர்களில் பெரும் பங்கு தமிழ்ப் பெண்கள். 2002-இல் தெனாகனித்தா அமைப்பும், பினாங்கில் அலுவலகம் வைத்திருக்கும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் சேர்ந்து தோட்டப் பெண்களைச் சந்தித்து ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டன. தெனாகனித்தாவை வழிநடத்தியவர் ஐரின் பெர்னாண்டஸ். அதே 2002-இல் அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாகத் தடை செய்வதாக அறிவித்தது. 2006-இல் தடையைத் தளர்த்தியது. முழுத் தடை நடப்புக்கு வந்தது 2020 ஜனவரி 1-ஆம் நாள். முதல் அறிவிப்புக்கும் முழுத் தடைக்கும் நடுவே எத்தனை ஆண்டு என்று மாணவர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

மூன்றாவது மருந்து, வெடிமருந்து. 1991 மே 7-ஆம் நாள் சிலாங்கூர் சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்ளர்ஸ் பட்டாசு ஆலை வெடித்தது. 26 பேர் இறந்தார்கள், நூற்றுக்கு மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். குடியிருப்பை ஒட்டிய ஆலை என்பதால் சுற்று வட்டார வீடுகளும் சேதமாயின. இதற்கு முன் நம்மிடம் இருந்தது 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம். பெயரே சொல்கிறது, அதன் கண் இயந்திரத்தின்மேல்தான். வேலியில்லாத சக்கரம், கொதிகலன் போன்றவற்றைப் பார்க்கும். கண்ணுக்குத் தெரியாத ஆவியையும் தூளையும் அது போதுமான அளவு பார்க்கவில்லை. சுங்கை பூலோ விபத்துக்கு மூன்றாண்டுக்குள், 1994-இல் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. அந்த விபத்து ஒரு முக்கியத் தூண்டுதல் என்று சொல்வது வழக்கம்.

1994 சட்டத்தில் தேர்வுக்குப் பயன்படும் ஒரு பகுதியை மட்டும் சொல்கிறேன். அதன் 15-ஆம் பிரிவு முதலாளியின் கடமைகளைச் சொல்கிறது. பாதுகாப்பான இயந்திரம், பாதுகாப்பான இடம் என்பதோடு நிற்காமல், தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை நான்கையும் தொழிலாளிக்குத் தர வேண்டும் என்கிறது. தெரிவிப்பது தயவு அல்ல, சட்டக் கடமை. 2000-ஆம் ஆண்டின் விதிகள் உடல்நலத்துக்கு ஆபத்தான ரசாயனங்களைத் தனியாக எடுத்துக்கொண்டன. முதலாளி முதலில் ஆபத்தை மதிப்பிட வேண்டும், காற்றில் அளவு பார்க்க வேண்டும், சில ரசாயனங்களுக்குத் தொழிலாளியின் உடலைக் காலமுறைப்படி சோதிக்க வேண்டும். பாதரசம் அந்தப் பட்டியலில் உண்டு. 2013 விதிகள், ரசாயனக் கொள்கலன்மேல் ஒட்டும் லேபலைப் பற்றியவை: மண்டையோடு, தீச்சுடர், அரிக்கப்பட்ட கை போன்ற சிவப்புக் கட்டம் போட்ட படங்களும், மலாயிலும் ஆங்கிலத்திலும் எச்சரிக்கையும் இருக்க வேண்டும். 2022-இல் திருத்தப்பட்ட சட்டம் 2024 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்தபோது பழைய 1967 சட்டம் விடைபெற்றது.

லேபலில் தமிழ் இல்லையே என்று ஒரு தமிழாசிரியையாக எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் கொஞ்சம் நேர்மையாகவும் யோசிக்க வேண்டும். இன்று நம் பிள்ளைகளுக்கு மலாய் நன்றாகவே படிக்கத் தெரியும். என் பாட்டி இருந்த இடத்தில் இன்று பம்பு சுமப்பவர் வங்காளதேசத்திலிருந்தோ நேப்பாளத்திலிருந்தோ வந்தவராக இருக்கலாம். அவருக்குத் தமிழ் லேபலும் பயன்படாது. படம்தான் அவருக்குப் புரியும், அந்தப் படத்துக்கு என்ன பொருள் என்று ஒருவர் அவர் மொழியில் சொன்னால்.

மருத்துவமனைகளிலும் மருந்து ஆலைகளிலும் இந்தக் கதை வேறு உருவத்தில் நடந்திருக்கிறது. 1970-களில் போர்ட்டோரிக்கோவில் கருத்தடை மாத்திரை செய்த ஓர் ஆலையில், ஆண் தொழிலாளர்கள் சிலருக்கு மார்பு பெருத்தது. மாத்திரையை அவர்கள் யாரும் விழுங்கவில்லை. காற்றில் பறந்த மருந்துத் தூளே போதுமானதாக இருந்தது. 1979-இல் பின்லாந்து ஆய்வாளர்கள், புற்றுநோய் மருந்துகளைக் கலக்கும் தாதியரின் சிறுநீரைச் சோதித்து, மரபணுவைக் கெடுக்கக்கூடிய தன்மை அதில் கூடியிருப்பதைக் கண்டார்கள். புற்றுநோய் மருந்து வேகமாகப் பெருகும் உயிரணுவைக் கொல்ல வந்தது. அது நோயாளியின் உயிரணுவா தாதியின் உயிரணுவா என்று அதற்குத் தெரியாது.

இந்த மருந்துகளில் இரண்டு நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்தவை. கனடாவில் ராபர்ட் நோபிள், சார்ல்ஸ் பியர் என்ற இரு ஆய்வாளர்கள், நீரிழிவுக்கு ஆகுமா என்று பார்க்கத்தான் அந்த இலையை எடுத்தார்கள். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளை அணுக்கள் குறைந்தன. 1958-இல் அறிவிக்கப்பட்ட வின்பிளாஸ்டின், அதன்பின் வந்த வின்கிரிஸ்டின் இரண்டும் இரத்தப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய் வந்த எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கின்றன. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் வறண்ட நிலத்தில் இந்தச் செடியை ஏற்றுமதிக்கென்றே பயிரிடுகிறார்கள். அதே வின்கிரிஸ்டின் நரம்பில் ஏற்றுவதற்குப் பதிலாகத் தவறுதலாக முதுகுத்தண்டில் ஏற்றப்பட்டால் உயிர் போகும், தோலுக்கடியில் கசிந்தால் தசை வெந்துபோகும். இதனால்தான் இன்று நம் பெரிய மருத்துவமனைகளில் இவ்வகை மருந்துகளைத் தனி அறையில், காற்றை வடிகட்டும் பெட்டிக்குள் கையை விட்டு, இரட்டைக் கையுறையும் நீண்ட அங்கியும் போட்டுக் கலக்குகிறார்கள். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2004-இல் வெளியிட்ட எச்சரிக்கையில் மருந்தாளர், தாதி இவர்களோடு துப்புரவுப் பணியாளரையும், துணி துவைப்பவரையும் சேர்த்தே பேசியது. நோயாளியின் வாந்தியிலும் சிறுநீரிலும் மருந்து இருக்கும், அதைத் துடைப்பது அவர்கள்தானே. வள்ளுவரின் உழைச்செல்வான் பட்டியல் இங்கே நீண்டுகொண்டே போகிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேலை. உங்கள் பள்ளி அறிவியல் கூடத்தில் பழைய பாதரச வெப்பமானி இன்னும் கிடக்கிறதா என்று ஆய்வுக்கூடப் பணியாளரிடம் கேளுங்கள். 2017-இல் நடப்புக்கு வந்த மினமாத்தா ஒப்பந்தம், இப்படிப்பட்ட வெப்பமானிகளைச் செய்வதையும் ஏற்றுமதி இறக்குமதி செய்வதையும் 2020-க்குள் நிறுத்தச் சொன்னது. அலமாரியில் இருப்பது தானாகப் போய்விடாது. உடைந்தால் மாணவர்களை வெளியே அனுப்புங்கள், சன்னல்களைத் திறங்கள், காற்றாடியை நிறுத்துங்கள். துடைப்பமும் தூசி உறிஞ்சியும் கூடாது. கையுறை போட்டு, கெட்டித் தாளால் துளிகளை ஒன்றாக ஒதுக்கி, சொட்டுக்குழலால் எடுத்து, இறுக மூடும் புட்டியில் போடுங்கள். மிச்சத்தை ஒட்டு நாடாவால் ஒற்றி எடுங்கள். சாக்கடையில் ஊற்றாதீர்கள். சந்தேகம் இருந்தால் கேட்க நமக்குப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. நாட்டுக்கே பொதுவான தேசிய நச்சு மையம் 1994 முதல் பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில்தான் இயங்குகிறது.

சூலியா தெருக் கடைக்குத் திரும்பிவிடுகிறேன். மாணவர்கள் சும்மா விடவில்லை. “அப்போ நீங்க எப்படி பாய் இதை அளந்து போடுறீங்க?” என்று கேட்டான், கையை விட்ட அதே பையன்.

பாய் கல்லாவுக்குக் கீழிருந்து ஒரு சின்னத் தேங்காயெண்ணெய்ப் புட்டியை எடுத்துக் காட்டினார். “கையில முழங்கை வரைக்கும் இதைப் பூசிக்குவேன் தம்பி. அப்புறம் கரண்டியாலதான் எடுப்பேன். மூக்குல துணி. வேலை முடிஞ்சதும் குளிச்சு, சட்டையை மாத்திட்டுத்தான் பிள்ளைங்களைத் தூக்குவேன். எங்க அத்தா சொல்லிக்குடுத்தது.”

“அவருக்கு யாரு சொன்னா?”

“அவருக்கு யாரும் சொல்லல. ரெண்டு கையும் வெந்துபோய் ஒரு மாசம் படுத்திருந்தாரு” என்றார் பாய்.

என் மாணவி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். பெயர்ப் பலகைகளைக் குறிக்க வந்த பக்கம் அது. மேலே ‘மருந்து’ என்று தலைப்புப் போட்டிருந்தாள்.